முதுகு மூடும் வரை

முதலில் வந்தது சத்தம்தான். நைட் ஷிப்ட் முடிந்து, மில்லின் இரைச்சல் இன்னும் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்க, தலையில் பஞ்சும் கண்ணில் எரிச்சலுமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து திரும்பும்போதே அது கேட்டது. ஈரமான ரப்பர் செருப்புகள் நூற்றுக்கணக்கில் சிமென்ட் தரையில் உரசுவதுபோல, விடாமல், அவசர அவசரமாக, எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கேயோ கிளம்புவதுபோல. பிறகுதான் வேனைப் பார்த்தேன். வேனிலிருந்து துளை போட்ட அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்த பேபியக்காவைப் பார்த்தேன்.

"காடைக் குஞ்சுங்க தம்பி. நேத்துப் பொரிச்சது. ஒவ்வொண்ணும் கட்டைவெரல் தண்டிதான், ஆனா சத்தத்தப் பாத்தீங்களா? உங்க மில்லுச் சங்கு தோத்துரும்."

ஐம்பதை நெருங்கியும் ரேஷன் கார்டில் பேபியாகவே இருந்த பேபியக்கா எங்கள் லைன் வீட்டின் கடைசிக் கதவில், முருங்கை மரத்துப் பக்கம் குடியிருந்தார். ஒரே ஓட்டுக்கூரை, ஏழு கதவு. ஒரு முனையில் தண்ணீர்த் தொட்டி, மறு முனையில் முருங்கை. ஒரு வீட்டில் தாளித்தால் பக்கத்து வீட்டில் தும்முகிற மாதிரி மெல்லிய சுவர்கள். பேபியக்காவுக்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவி சிந்தாமணியும். எங்களுக்கு அடுத்து பொங்கியண்ணன், அவருக்கு அடுத்து டெய்லர் அப்பாஸும் மும்தாஜும், அதற்கப்பால் தொட்டி வரைக்கும் மற்றவர்கள். வீடுகளுக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய அறையைத்தான் பேபியக்கா குஞ்சுகளுக்குப் பிடித்திருந்தார்.

மூலை என்று ஒன்று இருந்தால் அதில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துப்போகும் என்று அட்டையை வளைத்து வட்டமாக வேலி கட்டினார். உமி பரப்பி அதன்மேல் பேப்பர் விரித்தார். நடுவில் பல்புகளைத் தாழத் தொங்கவிட்டார். தண்ணீர்த் தட்டில் விழுந்தால் ஏறத் தெரியாத ஜீவன்கள் என்பதால் தட்டு நிறையக் கோலிக்குண்டுகளைப் போட்டு, குண்டுகளுக்கு நடுவே ததும்புகிற தண்ணீரைக் கொத்திக் குடிக்கும்படி செய்தார். அந்தக் கோலிகளைத் தினமும் காலையில் தொட்டியடியில் உட்கார்ந்து கழுவுவார். கோலிகள் உருளும் அந்த ஓசையில்தான் நான் போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு தூங்கப் போவேன்.

மூன்று வாரம் ஆனதும் ஒரு சாயங்காலம் குஞ்சுகளைக் கூடைகளில் அள்ளி, முற்றத்துக்கு எதிரே ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் அடுக்கியிருந்த பெரிய காடைகளுக்கான கம்பிக்கூண்டுகளுக்கு மாற்றினார். கூண்டு ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம்கூட இல்லை. "என்னக்கா, தலை இடிக்குமே?" என்று மும்தாஜ் கேட்டதற்கு, "ஒசரமா இருந்தாத்தான் ஆபத்துங். பயந்தா நேரா மேல எவ்வும், எவ்வி மண்டைய ஒடச்சுக்கும். தாழ இருந்தா எவ்வ எடம் கெடையாது, சும்மா இருக்கும்" என்றார். நெஞ்சில் புள்ளி இருந்தால் பெட்டை, துருப்பிடித்த நிறமாக இருந்தால் சேவல் என்று பிரித்துவிட்டு, கை கழுவி, நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

மறுநாள் விடிந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரு கதவு தள்ளியிருந்தோம்.

எனக்கு அது தெரிந்தது என் வீட்டுக்குள் போனபோதுதான். வழக்கம்போல இருட்டிலேயே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் பாயில் என் போர்வைக்குள் கையை விட்டால், மீசை தட்டுப்பட்டது. பொங்கியண்ணன் படுத்திருந்தார்.

"யார்றா அது?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"நான்தானுங்ணா. இது என் வீடு."

"உன் வீட்டுல எனக்கென்ன வேலை?" என்று எழுந்து உட்கார்ந்தவர், என் மாமனார் படத்தையும் சிந்தாமணியின் தையல் மெஷினையும் சுற்றிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக வெளியே ஓடித் தன் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது மும்தாஜ். சிந்தாமணி பேபியக்கா வீட்டிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தாள். பேபியக்கா தொட்டியடி வீட்டிலிருந்து தலையை நீட்டி, "ஏனுங், யாராச்சும் என்னையத் தூக்கிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார். சட்டி பானை, கட்டில், டிவி, சாமிப்படம் எல்லாம் அதனதன் இடத்திலேயே இருந்தன. ஆட்கள் மட்டும்தான் தூக்கத்தோடு தூக்கமாக ஒரு வீடு முருங்கைப் பக்கம் நகர்ந்திருந்தார்கள். முருங்கையடி வீட்டுக்காரர் சுற்றிக்கொண்டு தொட்டியடிக்கு வந்திருந்தார்.

இது நடக்கக்கூடியதா என்று யாரும் கேட்கவில்லை. காலை நேரத்தில் குழாயில் தண்ணீர் வரும் வீட்டில் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. குடம் நிரம்பிய பிறகு அவரவர் வீட்டுக்கு அவரவர் திரும்பிப் போனார்கள், சமைத்தார்கள், சாப்பிட்டார்கள். ராத்திரி படுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. பழைய வீடு யாருக்கும் தூக்கம் தரவில்லை. பாய் அதே பாய், தலையணை அதே தலையணை, ஆனால் கண் மூட மறுத்தது. தூக்கம் சுவருக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டில், நமக்காக விரித்து வைத்த படுக்கை மாதிரி காத்துக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. பகலில் தூங்குகிறவன் நான், எனக்கும் அதே கதைதான். தூக்கத்தின் அருமை தெரிந்தவன் என்பதால் முதலில் கட்சி மாறியதும் நான்தான். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேபியக்கா வீட்டுக்குள் போய் விழுந்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன்.

பொங்கியண்ணன் மட்டும் மூன்று ராத்திரி தன் வீட்டிலேயே கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். அங்கே தூங்க வந்த அப்பாஸ் குடும்பம் மரியாதைக்குக் கதவோரம் ஒண்டிக்கொண்டது. பொங்கியண்ணன் தறிப்பட்டறையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தவர், யாரோடும் ஒட்டாதவர், மனைவி சரசு இறந்த பிறகு நாங்கள் யாரும் அவர் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை. கஞ்சன், எதையோ பூட்டி வைத்திருக்கிறார் என்றுதான் லைனில் பேச்சு. நாலாம் நாள் காலையில், கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக, எங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது மும்தாஜிடம் சொன்னார்:

"எதை வேணா எடுத்துப் பொழங்கிக்கம்மா. செவுத்துக் கண்ணாடிய மட்டும் தொடைக்காத."

மும்தாஜ் போய்ப் பார்த்திருக்கிறாள். ரசம் போன சின்னக் கண்ணாடி. அதன் இடது மேல் மூலையில் மூன்று ஸ்டிக்கர் பொட்டு, அரக்கு நிறத்தில், குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டி வைத்தது, திரும்பி வந்து நெற்றியில் வைக்க ஆள் இல்லாமல் அப்படியே நின்றுபோனது. பூட்டி வைத்திருந்தது அதைத்தான்.

அடுத்த வேன் வந்தது, அடுத்த குஞ்சுகள் வளர்ந்தன, மூன்றாம் வாரம் கூண்டேறின, மறுநாள் விடிந்தபோது நாங்கள் இன்னொரு கதவு தள்ளியிருந்தோம். இப்போது எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு லைன் தன் போக்கில் அதற்கு ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டது. பேபியக்கா கூடையை எடுக்கிற சாயங்காலம் எல்லா வீட்டிலும் கூட்டிப் பெருக்குவார்கள், குடத்தை நிரப்பி வைப்பார்கள், மறுநாளைக்கு வரப்போகிறவர்களுக்காக இட்லி மாவு ஆட்டி மூடி வைப்பார்கள். ஆட்டுகிறவர் ஒருவர், ஊற்றித் தின்கிறவர் ஒருவர். புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டாமா என்று சிந்தாமணி சொல்ல, விடிந்ததும் முற்றத்தில் பொதுவாக ஒரு பானை வைத்துப் பால் காய்ச்சி ஏழு வீட்டுக்கும் டம்ளரில் ஊற்றினார்கள். "முருகன் படத்துப் பூ வாடிப்போச்சுக்கா, நான் எடுத்துப் போட்டா ஒண்ணும் இல்லையே?" என்று மும்தாஜ் வந்து கேட்பாள். "அட, வாடின பூவ எடுக்க அவரே எறங்கி வருவாரா?" என்பாள் சிந்தாமணி. அடுத்தவர் மிக்ஸியைத் திட்டினார்கள், அடுத்தவர் மெத்தையைப் புகழ்ந்தார்கள். எங்கே போனாலும் ஜம்பமாகப் பேசுகிற ஒரு வீட்டில் அரிசி டின் எப்போதும் அடி தெரியக் கிடக்கும் என்பது அங்கே குடி போனவர்களுக்குத்தான் தெரிந்தது. தெரிந்தவர்கள் யாரிடமும் சொல்லவில்லை, கிளம்பும்போது டின்னில் கொஞ்சம் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வீட்டு ஓனர் ஒருநாள் வந்து, சுவரெல்லாம் அதே இடத்தில்தான் இருக்கிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று போனார்.

பொங்கியண்ணன்தான் ஆச்சரியம். காடைகளை முதல்நாளே சபித்தவர், ஒவ்வொரு கூண்டு மாற்றத்துக்கும் ஒரு கதவு வீதம் சுற்றித்தான் தன் வீட்டுக்குப் போய்ச்சேர முடியும் என்று தெரிந்த நாளிலிருந்து, பேபியக்காவின் பல்பு அறையே கதியென்று கிடந்தார். தறியில் நூல் அறுவதைக் காதாலேயே கண்டுபிடித்தவர், குஞ்சுகளைக் கண்ணால் படித்தார். பல்புக்கு அடியில் கும்பலாக ஒண்டினால் குளிர், பல்பை இறக்கு. வேலியோரம் ஓடி வாயைப் பிளந்தால் சூடு, பல்பை ஏற்று. சிந்திய கடுகு மாதிரி எங்கும் பரவலாக உட்கார்ந்திருந்தால் சரி, ஒரு பீடி குடித்துவிட்டு வரலாம். கோலி கழுவும் வேலையையும் அவரே பிடுங்கிக்கொண்டார்.

"இத்தனை பாசமா?" என்று அப்பாஸ் கிண்டினார்.

"பாசமும் இல்ல மயிரும் இல்ல. என் வண்டிக்கு நான் பெட்ரோல் ஊத்தறேன்."

இப்படியே வெயில் காலம் போய், காற்று காலம் போய், ஐப்பசி மழை பிடித்தபோது, பொங்கியண்ணன் அப்பாஸுடைய பழைய வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அடுத்த கதவு அவருடையது. அந்தக் கதவுக்குள் அப்போது நாங்கள் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். சிந்தாமணி தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே தலை வாரும்போது இருமல் நின்றுவிடும்.

அந்தச் சமயம் பார்த்துப் பேபியக்காவுக்கு அண்ணன் மகள் சீருக்கு ஊருக்குப் போக வேண்டி வந்தது. குஞ்சுகளுக்கு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. போகும்போது பொங்கியண்ணனிடம் ஒன்றுக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்: "நான் வர்ற வரைக்கும் கூண்டுக்கு ஏத்தீராதீங்ணா. முதுகு மூடட்டும்."

பொங்கியண்ணன் ஒருநாள் பொறுத்தார். மறுநாள் ஒரு குஞ்சைக் கையில் எடுத்து இறக்கையை விரித்துப் பார்த்தார். பெரிய காடையின் இறக்கை மாதிரியே முழுசாக, அழகாக, கோடு போட்டாற்போல் வளர்ந்திருந்தது. இதற்குமேல் என்ன வளர வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் சிந்தாமணி பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு, யாரிடமும் சொல்லாமல், மழை இருட்டில், எல்லாக் குஞ்சுகளையும் கூண்டுக்கு ஏற்றிவிட்டார்.

விடியக்காலை நான் சந்து திரும்பியபோது தூறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சைக்கிளை வேகமாகத் தள்ளினேன். பிறகு பார்த்தேன். லைன் முழுக்க வெளியில் கிடந்தது. ஒவ்வொரு குடும்பமும் இரண்டு கதவுகளுக்கு நடுவே, சுவரை ஒட்டி, வெறும் தரையில், தாவாரத் தண்ணீர் முகத்தில் சொட்டச் சொட்ட, அவரவர் வீட்டில் படுத்திருந்த அதே ஒருக்களிப்போடு தூங்கிக்கொண்டிருந்தது. கிளம்பிய வீட்டிலும் இல்லை, போக வேண்டிய வீட்டிலும் இல்லை, பாதி வழியில் இறக்கிவிட்ட பஸ் பயணிகள் மாதிரி. பொங்கியண்ணன் தன் வீட்டுக் கதவுக்குக் கையெட்டும் தூரத்தில் கிடந்தார். ஒரு கை நிஜமாகவே அவர் வாசற்படியின்மேல் நீண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் எல்லோரும் எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, துணியைச் சரிசெய்துகொண்டு, பிறகு மொத்தமாகப் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் கொட்டகைக்கு ஓடினார். கூண்டுக் கம்பிகளுக்குக் கீழிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. குஞ்சுகள் ஈரப் பஞ்சு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, கத்தவும் தெம்பில்லாமல் நடுங்கின. இறக்கை இருந்தது. இரண்டு இறக்கைக்கும் நடுவே முதுகில் வெறும் மஞ்சள் பூமயிர்தான், நனைந்து தோல் தெரிந்தது.

"பல்ப போடுங்க!" என்று மும்தாஜ் கத்தினாள்.

கரண்ட் இல்லை. ராத்திரியே போயிருக்கிறது.

பிறகு சிந்தாமணி, அதுவரை அந்த ஜீவன்களை எலி மாதிரி இருக்கிறது என்று தொடாதவள், ஒரு கைப்பிடி குஞ்சுகளை அள்ளி ரவிக்கைக்கும் முந்தானைக்கும் நடுவே விட்டுக்கொண்டு, "ஐயோ கூசுதே" என்று நெளிந்தாள். அவ்வளவுதான். அப்பாஸ் கழுத்தில் கிடந்த மப்ளரைத் தூளியாக்கினார், மும்தாஜ் முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டாள், நான் மில் சட்டைக்குள் போட்டு மேல் பொத்தானை மாட்டினேன். வேட்டி மடிப்பில், மங்கி குல்லாயில், டிபன் கேரியரில் வெந்நீர்த் துணி சுற்றி, லைன் முழுக்க அவரவர் உடம்புச் சூட்டைப் பங்கு போட்டுக்கொடுத்துக்கொண்டு முற்றத்தில் குந்தியிருந்தோம். எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த வீடு எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குத் தூக்கம் நின்ற இடத்திலேயே தள்ளியது, ஆனால் தர வீடில்லை. பால் பானையை எடுத்து வந்து யாரோ டீ போட்டார்கள். சட்டைக்குள் ஒன்று மெல்லச் சிலிர்த்து, என் நெஞ்சைக் கொத்திப் பார்த்து, 'சிவிக்' என்றது. அதைக் கேட்டு மும்தாஜின் முக்காட்டிலிருந்து இன்னொன்று 'சிவிக்' என்றது. பிறகு குல்லாயிலிருந்து, கேரியரிலிருந்து, மடியிலிருந்து. அப்பாஸ் சிரிக்க ஆரம்பித்தார், "டேய், என் அக்குள்ல ரேடியோ பாடுதுடா" என்றார், அதன் பிறகு யாராலும் கோபமாக இருக்க முடியவில்லை.

பொங்கியண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. பனியனுக்குள் முதுகு வரைக்கும் குஞ்சுகளோடு, அசைந்தால் நசுங்கிவிடும் என்று, கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். எழுந்திருக்காமலே போன சிலதை அவர் முன்பே முருங்கையடியில் புதைத்துவிட்டு வந்திருந்தார்.

மதியத்துக்கு மேல் குடையோடு வந்து இறங்கிய பேபியக்கா, முற்றத்தில் உட்கார்ந்திருந்த ஊரைப் பார்த்தார். எல்லோர் உடம்பிலிருந்தும் வந்த சத்தத்தைக் கேட்டார். நேராகப் பொங்கியண்ணன் முன்னால் போய் நின்றார்.

"எறக்கையப் பாத்தீங்களா, முதுகப் பாத்தீங்களா?"

"எறக்கைய."

"எறக்கை எல்லாத்துக்கும் முன்னால வந்துருமுங்ணா. கெளம்பற அவசரம் அதுக்கு. முதுகு கடைசியிலதான் மூடும். அது வரைக்கும் பொறுக்கோணும்."

பொங்கியண்ணன் மூக்கை உறிஞ்சினார். பனியனுக்குள் ஒரு குஞ்சு தோள்பட்டை வழியாகத் தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. பேபியக்காவின் குரல் இறங்கியது.

"உங்களுக்கு இவ்வளவு கஷ்டம்னா எனக்கு வேண்டாமுங்ணா. இந்தக் குஞ்சுக ஏறட்டும், நீங்க உங்க வீடு போய்ச் சேருங்க. அதோட நிறுத்திக்கறேன். வேற எங்கயாச்சும் எடம் பாத்துக்கறேன்."

குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. நிறுத்தினால் அவரவர் வீட்டில் அவரவர், நல்லதுதானே என்று சொல்ல வாய் திறந்தவர்கள்கூட மூடிக்கொண்டார்கள். ஜம்பக்கார வீட்டம்மா கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் கரண்ட் வந்தது. குஞ்சுகள் பல்பு அறைக்குத் திரும்பின. மறுநாள் விடிந்தபோது நாங்களும் பழைய கதவுக்குள்ளேயே இருந்தோம், பொங்கியண்ணன் தன் வீட்டுக்கு ஒரு கதவு இந்தப் பக்கம்.

அதன் பிறகு அவர் குஞ்சுகளின் முதுகைத்தான் பார்த்தார். காலையில் ஒன்றைக் கையில் எடுத்து, கவிழ்த்து, ஊதி, மயிர் பிரிகிற இடத்தில் தோல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னும் ஆகல" என்று கீழே விடுவார். பேபியக்காவே "போதுமுங்ணா, மூடிருச்சு" என்ற பிறகும் இன்னொரு நாள் வைத்திருந்தார். கூடை எடுத்த அன்று ஏழு வீட்டாரும் வந்து ஆளுக்கொரு கூடை பிடித்தோம். நெஞ்சில் புள்ளி பார்த்து மும்தாஜே பெட்டைகளைப் பிரித்தாள். அந்தச் சாயங்காலம் சிந்தாமணி பொங்கியண்ணன் வீட்டை இரண்டு தடவை கூட்டினாள், குடத்தைத் துலக்கி நிரப்பினாள், மாவை மூடி வைத்தாள். நான் வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் ஒருமுறை நின்றேன்.

இடது மூலையில் அந்த மூன்று பொட்டும் அப்படியே இருந்தன, அவற்றைச் சுற்றி விரலளவு பழைய தூசியும். அந்த வட்டத்தைத் தவிர மீதிக் கண்ணாடியை மும்தாஜ் முதல் வந்தவர்கள் எல்லோரும் பளபளவென்று வைத்திருந்தார்கள். துணி எங்கே நின்று எங்கே திரும்ப வேண்டும் என்று ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். துடைத்த பக்கமெல்லாம், குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டிய பொட்டுகள், சிவப்பு, பச்சை, கறுப்பு, கல் வைத்தது, பேபியக்காவின் பெரிய வட்டம், சிந்தாமணியின் நீளப் பொட்டு. எடுத்துவிடலாமா என்று சிந்தாமணியிடம் கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

மறுநாள் விடியற்காலை நான் வந்தபோது முற்றத்தில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. பொங்கியண்ணன் தன் வீட்டுக்குள் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது, யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பேபியக்கா முருங்கையடியில், தன் சொந்த வாசலில், ஒரு சாக்கில் தீவனத் தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் முன்பே சொல்லிவைத்திருந்த வேன், வேண்டாம் என்று இன்னும் சொல்லாத வேன், சந்து முனையில் ஹாரன் அடித்தது. அதன் பின்னாலேயே அந்தச் சத்தம், ஈரச் செருப்புகள் நூற்றுக்கணக்கில்.

டிரைவர் இறங்கி, "எறக்கறதாக்கா, திருப்பறதா?" என்றார்.

பேபியக்கா பொங்கியண்ணன் கதவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். டம்ளரில் ஊற்றிய பால் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

கதவு திறந்து அவர் வெளியே வந்தார். நன்றாகத் தூங்கிய முகம். ஒரு கன்னம் வழவழவென்று சவரமாகியிருந்தது, மறு கன்னத்தில் சோப்பு நுரையும் வெள்ளைத் தாடியும் அப்படியே இருந்தன.

"என்னுங்ணா இது பாதியில?" என்றார் அப்பாஸ்.

"கண்ணாடியில எடம் எங்கய்யா இருக்குது? பொம்பளைக ஒட்டினதுக்கு நடுவுல ஒரு கன்னந்தான் தெரியுது."

சொல்லிவிட்டு யாருடைய பதிலுக்கும் நிற்காமல் தொட்டியடிக்கு நடந்தார். தோளில் கிடந்த துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்துக் கொட்டி, கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவ ஆரம்பித்தார்.